நிர்வாகி கணக்கும் கோப்பு அணுகல் அனுமதிகளும்

நிர்வாகி கணக்கு என்பது ஒரு கணினியின் இயங்குதள அமைப்புகளை மாற்றவும், மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும், பிற பயனர் கணக்குகளை உருவாக்கவும் உரிமை பெற்ற பயனர் கணக்கு ஆகும். கோப்பு அணுகல் அனுமதி என்பது ஒரு கோப்பை அல்லது கோப்புறையை எந்தக் கணக்கு படிக்கலாம், எது மாற்றலாம், எது அழிக்கலாம் என்று இயங்குதளம் குறித்து வைத்திருக்கும் விதியாகும். இவ்விரண்டும் சேர்ந்தே ஒரு கணினியில் யார் என்ன செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன.

வீட்டுக் கணினி வைத்திருப்போர் பலர் "கணினி என்னுடையது, பிறகு எனக்கே ஏன் அனுமதி மறுக்கப்படுகிறது?" என்ற கேள்வியை எதிர்கொள்கின்றனர். கணினியைப் பொறுத்தவரை அதன் முன் அமர்ந்திருக்கும் மனிதர் யாரென்று அதற்குத் தெரியாது. ஒரு நிரல் எந்தக் கணக்கின் பெயரில் ஓடுகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். கணக்கின் உரிமையாளர் தானே திறந்த நிரலும், அவருக்குத் தெரியாமல் மின்னஞ்சல் இணைப்பு வழியாக நுழைந்த தீநிரலும் ஒரே கணக்கின் பெயரில் ஓடினால், இரண்டுக்கும் ஒரே உரிமைகள்தாம் கிடைக்கும். ஆகவே நிர்வாகி உரிமையைக் கணினி உரிமையாளருக்கான மதிப்பாகக் கருதாமல், தேவைப்படும்போது மட்டும் எடுத்துப் பயன்படுத்தும் கருவியாகக் கருதுவதே பாதுகாப்பானது.

வரலாறு

ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தத் தொடங்கியபோதுதான் பயனர் கணக்குகளின் தேவை எழுந்தது. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் உருவாகி, 1961 இல் செய்துகாட்டப்பட்ட நேரப்பகிர்வு அமைப்பு, கடவுச்சொல்லைப் பயன்படுத்திய தொடக்ககாலக் கணினி அமைப்புகளுள் ஒன்று. 1960களில் இவ்வமைப்பில் ஒரு விபத்து நேர்ந்தது. இரு நிர்வாகிகள் ஒரே வேளையில் இரு கோப்புகளைத் திருத்தினர். ஒன்று, நுழைவோருக்குக் காட்டப்படும் அன்றைய அறிவிப்பு. மற்றொன்று, கடவுச்சொற்களின் கோப்பு. திருத்தும் நிரல் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கியதால் இரண்டும் இடம் மாறின. அதன்பின் உள்நுழைந்த ஒவ்வொருவருக்கும் அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் திரையில் தோன்றின. கோப்புகளைப் பிரித்துக் காக்கும் ஏற்பாடு நிர்வாகிகளுக்கும் தேவை என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

இதன் வழித்தோன்றலான மல்ட்டிக்ஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் தனி அணுகல் பட்டியல் வைக்கும் முறை இருந்தது. 1969 இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் தொடங்கிய யுனிக்ஸ், அதைவிட எளிய முறையைக் கைக்கொண்டது. 1975 இல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் ஆகியோர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பயனரும் தம் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமைகளுடனேயே இயங்க வேண்டும் என்ற கொள்கையை விளக்கியது. குறைந்தபட்ச உரிமைக் கொள்கை எனப்படும் இது இன்றும் கணினிப் பாதுகாப்பின் அடிப்படை விதிகளுள் ஒன்றாக உள்ளது.

வீடுகளுக்கு வந்த தனியாள் கணினிகள் இந்தப் பாதையில் செல்லவில்லை. 1981 இல் வெளிவந்த எம்எஸ்-டாஸ் இயங்குதளத்தில் பயனர் கணக்கு என்ற கருத்தே கிடையாது. ஒரு கணினிக்கு ஓர் ஆள் என்பதே அதன் எண்ணம். விண்டோஸ் 95 இல் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பெட்டி இருந்தாலும், எஸ்கேப் விசையை அழுத்தினால் அதைக் கடந்து உள்ளே செல்ல முடிந்தது. அது பயன்படுத்திய ஃபேட் கோப்பு முறைமையில் அனுமதிகளைக் குறித்து வைக்க இடமே இல்லை.

1993 இல் வெளிவந்த விண்டோஸ் என்டி, என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமையையும் முறையான கணக்குகளையும் கொண்டிருந்தது. ஆனால் அது அலுவலகங்களுக்காக உருவாக்கப்பட்டது. 2001 அக்டோபரில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி வழியாகவே இந்த அடித்தளம் வீடுகளை அடைந்தது. எனினும், அதை நிறுவும்போது உருவாக்கப்பட்ட கணக்குகள் அனைத்தும் நிர்வாகி கணக்குகளாகவே அமைந்தன. பழைய மென்பொருள்கள் பல, கணினியின் எந்தப் பகுதியிலும் தடையின்றி எழுதலாம் என்று எண்ணி எழுதப்பட்டவை என்பதால், குறைந்த உரிமையுள்ள கணக்கில் அவை சரிவர ஓடவில்லை. பூட்டு வீட்டுக்கு வந்துவிட்டது, ஆனால் எல்லார் கையிலும் சாவி இருந்தது என்பதே அன்றைய நிலை. 2007 இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, பயனர் கணக்குக் கட்டுப்பாடு என்ற ஏற்பாட்டின் மூலம் இந்நிலையை மாற்றத் தொடங்கியது.

கணக்குகளின் வகைகள்

இன்றைய விண்டோஸ் வீட்டுக் கணினியில் பயனர் பார்க்கும் கணக்குகள் இரு வகைப்படும்.

நிர்வாகி கணக்கு: மென்பொருள் நிறுவுதல், வன்பொருள் இயக்கிகளைச் சேர்த்தல், பிற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றுதல், எந்தக் கோப்பின் உரிமையையும் எடுத்துக்கொள்ளுதல் ஆகியவற்றைச் செய்ய வல்லது. கணினியை முதன்முதலில் அமைக்கும்போது உருவாகும் கணக்கு இவ்வகையைச் சேர்ந்தது.

இயல்புக் கணக்கு: ஏற்கெனவே நிறுவப்பட்ட மென்பொருள்களைப் பயன்படுத்துதல், இணையத்தில் உலாவுதல், தன் கோப்புகளை உருவாக்குதல், அச்சிடுதல், தன் திரை அமைப்புகளை மாற்றுதல் ஆகிய அன்றாட வேலைகள் அனைத்தையும் செய்யும். கணினி முழுவதையும் பாதிக்கும் மாற்றங்களைச் செய்யாது.

இவற்றுக்கு அப்பால், பயனர் கண்ணில் படாத கணக்குகளும் உள்ளன. 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற பெயரிலேயே உள்ள உள்ளமைந்த நிர்வாகி கணக்கு விஸ்டாவிலிருந்து இயல்பாக முடக்கப்பட்டே வருகிறது. 'சிஸ்டம்' என்ற கணக்கின் பெயரில் இயங்குதளத்தின் சேவைகள் பின்னணியில் ஓடுகின்றன. 'டிரஸ்டட்இன்ஸ்டாலர்' என்ற அடையாளம் விண்டோசின் முக்கியக் கோப்புகளுக்கு உரிமையாளராக உள்ளது. எனவேதான் நிர்வாகியாக நுழைந்தவரும் விண்டோஸ் கோப்புறையில் உள்ள பல கோப்புகளை நேரடியாக அழிக்க முடிவதில்லை.

மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் முகவரியுடன் நுழைவதா, அந்தக் கணினிக்கு மட்டுமான உள்ளகக் கணக்கில் நுழைவதா என்பது வேறு செய்தி. இவ்விரு வழிகளிலும் நுழையும் கணக்கு நிர்வாகியாகவும் இருக்கலாம், இயல்புக் கணக்காகவும் இருக்கலாம்.

கணக்கின் உண்மையான அடையாளம்

திரையில் தோன்றும் பெயர் மனிதர்களின் வசதிக்கானது. விண்டோஸ் ஒவ்வொரு கணக்கையும் பாதுகாப்பு அடையாள எண் என்ற நீண்ட எண்ணால் அறிகிறது. வீட்டுக் கணினியின் கணக்குகளுக்கு இது பொதுவாக எஸ்-1-5-21 என்று தொடங்கி, அந்தக் கணினிக்கே உரிய எண்களுடன் நீண்டு, கணக்குக்கு உரிய வரிசை எண்ணில் முடியும். உள்ளமைந்த நிர்வாகியின் எண் 500 என்று முடியும். பயனர்கள் உருவாக்கும் கணக்குகள் 1000 முதல் எண்ணிடப்படும்.

கோப்பின் அனுமதிப் பட்டியலில் எழுதப்படுவது பெயரன்று, இந்த எண்ணே ஆகும். இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. ஒரு கணக்கின் பெயரை மாற்றினால் அதன் உரிமைகளில் எந்த மாற்றமும் ஏற்படாது. ஒரு கணக்கை அழித்துவிட்டு அதே பெயரில், அதே கடவுச்சொல்லுடன் புதிய கணக்கை உருவாக்கினாலும் பழைய உரிமைகள் திரும்பக் கிடைக்காது. எண் வேறு என்பதால் விண்டோசுக்கு அது வேறோர் ஆள்.

குழுக்களுக்கும் இத்தகைய எண்கள் உண்டு. ஆனால் நிர்வாகிகள் குழு, பயனர்கள் குழு போன்ற உள்ளமைந்த குழுக்களின் எண்கள் எல்லா விண்டோஸ் கணினிகளிலும் ஒன்றே. எடுத்துக்காட்டாக, நிர்வாகிகள் குழுவின் எண் எங்கும் எஸ்-1-5-32-544 ஆகும். இந்த வேறுபாடு பின்னர் விளக்கப்படும் 'அனுமதி மறுப்பு' சிக்கலைப் புரிந்துகொள்ள உதவும்.

பயனர் கணக்குக் கட்டுப்பாடு

ஒருவர் கடவுச்சொல் தந்து உள்நுழைந்ததும் விண்டோஸ் அவருக்கு ஓர் அணுகல் சீட்டை உருவாக்குகிறது. அவருடைய அடையாள எண், அவர் சேர்ந்துள்ள குழுக்களின் எண்கள், அவருக்குரிய சிறப்பு உரிமைகள் ஆகியவை அதில் இருக்கும். அவர் திறக்கும் ஒவ்வொரு நிரலும் அச்சீட்டின் நகலுடனேயே ஓடும். நிரல் ஒரு கோப்பைத் திறக்க முயலும்போது, சீட்டில் உள்ள எண்களும் கோப்பின் பட்டியலில் உள்ள எண்களும் ஒப்பிடப்படும்.

நிர்வாகி உள்நுழையும்போது இரண்டு சீட்டுகள் உருவாகின்றன. ஒன்றில் முழு உரிமைகளும் இருக்கும். மற்றொன்றில் நிர்வாகிக்கான உரிமைகள் களையப்பட்டிருக்கும். அன்றாட நிரல்கள் எல்லாம் உரிமை களைந்த சீட்டுடனேயே ஓடுகின்றன. நிர்வாகி உரிமை தேவைப்படும் செயல் வரும்போது திரை மங்கி, "இந்தச் செயலி உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?" என்ற பொருளில் ஒரு கேள்வி தோன்றும். அதற்கு ஆம் என்றால் அந்த நிரலுக்கு மட்டும் முழுச் சீட்டு தரப்படும். திரை மங்குவது அழகுக்காக அன்று. அக்கேள்வி தனித்த பாதுகாப்புத் திரையில் காட்டப்படுவதால், பின்னணியில் ஓடும் சாதாரண நிரல்கள் பயனருக்குப் பதிலாக 'ஆம்' பொத்தானை அழுத்த முடியாது.

இயல்புக் கணக்கில் இருப்பவருக்கு இதே இடத்தில் நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கப்படும். இவ்விரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. நிர்வாகி கணக்கில் ஒரு சொடுக்கு போதும்; பழக்க வேகத்தில் கை தானாக ஆம் என்று அழுத்திவிடும். இயல்புக் கணக்கில் கடவுச்சொல்லை அறிந்தவர் வந்து தட்டச்சு செய்ய வேண்டும். மேலும், பயனர் கணக்குக் கட்டுப்பாட்டைத் தகர்க்க முடியாத பாதுகாப்பு எல்லையாக மைக்ரோசாஃப்ட் நிறுவனமே கருதுவதில்லை. தனி இயல்புக் கணக்கு அதைவிட உறுதியான தடுப்பாகும்.

கோப்பு அனுமதிகள் இயங்கும் முறை

என்டிஎஃப்எஸ் முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் ஓர் உரிமையாளரும் ஓர் அணுகல் பட்டியலும் உண்டு. பட்டியலின் ஒவ்வொரு வரியும் 'இந்தக் கணக்குக்கு அல்லது குழுவுக்கு, இந்தச் செயல், அனுமதி அல்லது மறுப்பு' என்ற வடிவில் அமையும். பயனருக்குக் காட்டப்படும் முதன்மை அனுமதிகள் வருமாறு:

- படித்தல்: கோப்பைத் திறந்து பார்க்கலாம், நகலெடுக்கலாம்.
- எழுதுதல்: கோப்பின் உள்ளடக்கத்தை மாற்றலாம், கோப்புறையாயின் அதனுள் புதிய கோப்புகளை உருவாக்கலாம்.
- படித்தலும் இயக்குதலும்: நிரல் கோப்பாயின் அதை ஓட்டலாம்.
- திருத்துதல்: மேற்கண்டவற்றுடன் கோப்பை அழிக்கவும் செய்யலாம்.
- முழுக் கட்டுப்பாடு: அனைத்தும் செய்யலாம், அனுமதிகளையும் உரிமையாளரையும்கூட மாற்றலாம்.

ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே இவற்றை எழுத வேண்டியதில்லை. மேல் கோப்புறையின் அனுமதிகள் அதனுள் உருவாகும் அனைத்துக்கும் வழிவழியாக இறங்கும். ஒரு கணக்குக்கு நேரடியாகவும், அது சேர்ந்துள்ள குழுக்கள் வழியாகவும் கிடைக்கும் அனுமதிகள் கூட்டிக் கணக்கிடப்படும். அனுமதியும் மறுப்பும் மோதினால் வரிசை முறை ஒன்று பின்பற்றப்படும். கோப்பில் நேரடியாக எழுதப்பட்ட மறுப்பு முதலில் பார்க்கப்படும். அடுத்து நேரடி அனுமதி. அதன்பின் வழிவந்த மறுப்பு. இறுதியில் வழிவந்த அனுமதி. பட்டியலில் எங்கும் பெயர் இல்லாதவருக்கு அணுகல் கிடையாது.

மறுப்பு வரிகளைக் கவனமின்றிச் சேர்ப்பது சிக்கலை உண்டாக்கும். பிள்ளைகள் திறக்கக்கூடாது என்று எண்ணி ஒரு கோப்புறையில் 'எல்லாரும்' என்ற குழுவுக்கு மறுப்பு எழுதினால், எழுதியவரும் அந்தக் குழுவில் அடங்குவதால் அவரும் வெளியே நிற்பார். இத்தகைய நிலையில் உரிமையாளர் என்ற தகுதி கைகொடுக்கும். ஒரு கோப்பின் உரிமையாளர், அதைப் படிக்க அனுமதி இல்லாதபோதும், அதன் அனுமதிப் பட்டியலை மாற்றும் உரிமையை இயல்பாகப் பெற்றுள்ளார். வேண்டியவர்களுக்கு மட்டும் அனுமதி எழுதிப் பிறரைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவதே எளிய வழி.

சி டிரைவும் டி டிரைவும்

விண்டோஸ் ஒவ்வொரு பயனருக்கும் சி டிரைவில் உள்ள 'யூசர்ஸ்' கோப்புறையில் தனியிடம் தருகிறது. டெஸ்க்டாப், ஆவணங்கள், படங்கள், பதிவிறக்கங்கள் ஆகியவை அதனுள் அடங்கும். இயல்பாக அந்த இடத்தைத் திறக்க அந்தப் பயனர், நிர்வாகிகள் குழு, சிஸ்டம் ஆகிய மூவருக்கு மட்டுமே அனுமதி உண்டு. இரு இயல்புக் கணக்குகள் ஒன்றின் ஆவணங்களை மற்றொன்று பார்க்க முடியாது. எல்லாரும் பகிர்ந்துகொள்ள 'பப்ளிக்' என்ற தனிக் கோப்புறை உள்ளது.

பலர் வன்தட்டை இரண்டாகப் பிரித்து, புகைப்படங்களையும் சான்றிதழ் நகல்களையும் டி டிரைவில் வைப்பர். விண்டோசை மறுபடி நிறுவினாலும் அவை அழியாது என்பது இதற்குக் காரணம். ஆனால் இவ்வாறு பிரிக்கப்பட்ட பகுதியில், உள்நுழைந்த பயனர் அனைவருக்கும் திருத்தும் அனுமதி இயல்பாகத் தரப்பட்டிருக்கும். எனவே டி டிரைவில் தனியே அனுமதி அமைக்காமல் வைத்த கோப்புகளை வீட்டில் உள்ள எந்தக் கணக்கும் படிக்கலாம், அழிக்கலாம். கணக்குகளைப் பிரித்ததாலேயே எல்லாக் கோப்புகளும் பிரிந்துவிட்டன என்று நினைப்பது தவறு.

நிர்வாகி மற்றொரு பயனரின் கோப்புறையைத் திறக்க முயன்றால், இப்போது அனுமதி இல்லை, தொடர வேண்டுமா என்ற பெட்டி தோன்றும். தொடர்க என்று அழுத்தினால் விண்டோஸ் ஒருமுறை மட்டும் திறந்து காட்டுவதில்லை. அந்த நிர்வாகியின் பெயரை அக்கோப்புறையின் பட்டியலில் நிலையாகச் சேர்த்துவிடுகிறது. பின்னர் அவர் திறக்கும் சாதாரண நிரல்களுக்கும் அந்தக் கோப்புறை திறந்தே இருக்கும்.

'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற செய்தி

கணினி பழுதாகி விண்டோஸ் மறுபடி நிறுவப்பட்டபின், அல்லது பழைய வன்தட்டைப் புதிய கணினியில் பொருத்தியபின், சொந்தக் கோப்புகளே திறக்க மறுப்பது வீட்டுப் பயனர்கள் அடிக்கடி சந்திக்கும் சிக்கல். இதற்கான காரணம் அடையாள எண்ணில் உள்ளது. பழைய கோப்புகளின் பட்டியலில் எழுதப்பட்டிருப்பது பழைய கணக்கின் எண். புதிய விண்டோசில் அப்படி ஒரு கணக்கு இல்லை. ஆகவே பண்புகள் பெட்டியில் பெயருக்குப் பதிலாக நீண்ட எண் ஒன்று தோன்றும். டி டிரைவின் கோப்புகள் பெரும்பாலும் தடையின்றித் திறப்பதற்குக் காரணம், அவற்றின் அனுமதிகள் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குழு எண்களுக்குத் தரப்பட்டிருப்பதே.

கோப்புகள் அழிந்துவிட்டன என்று இந்தச் செய்திக்குப் பொருளில்லை. வன்தட்டை அழித்து வடிவமைக்கத் தேவையும் இல்லை. நிர்வாகி கணக்கில் நுழைந்து கோப்புறையின் உரிமையை எடுத்துக்கொள்வதே தீர்வு:

1. கோப்புறையின் மேல் வலச்சொடுக்கு செய்து 'பிராப்பர்ட்டீஸ்' பெட்டியைத் திறந்து, 'செக்யூரிட்டி' பகுதியில் 'அட்வான்ஸ்டு' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
2. மேலே 'ஓனர்' என்ற வரியில் உள்ள 'சேஞ்ச்' என்பதை அழுத்தித் தற்போதைய கணக்கின் பெயரைத் தர வேண்டும்.
3. உள்ளே இருக்கும் கோப்புகளுக்கும் உரிமையாளரை மாற்றும் தேர்வுப் பெட்டியைக் குறியிட்டு ஏற்க வேண்டும்.
4. மீண்டும் அதே இடத்தைத் திறந்து, தற்போதைய கணக்குக்கு முழுக் கட்டுப்பாடு தரும் வரியைச் சேர்க்க வேண்டும்.

இதைத் தேவையான கோப்புறைக்கு மட்டுமே செய்ய வேண்டும். சி டிரைவ் முழுவதற்கும் உரிமையை எடுத்துக்கொண்டால், இயங்குதளக் கோப்புகளைக் காக்கும் ஏற்பாடுகள் குலையும். விண்டோஸ் சரியாக இயங்காமலும் போகலாம். மறுநிறுவலுக்குப் பின் பழைய கோப்புகள் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற கோப்புறையில் இருந்தால், அது பின்னர் தானாக நீக்கப்படக்கூடும் என்பதால் முதலில் வேறிடத்தில் நகலெடுப்பது நல்லது.

யுனிக்ஸ் வழி இயங்குதளங்களில்

லினக்ஸ், மேக் ஆகியவற்றின் அடிப்படை முறை சுருக்கமானது. ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, பிறர் என்ற மூன்று தரப்பினருக்கு, படித்தல், எழுதுதல், இயக்குதல் என்ற மூன்று அனுமதிகள், ஆக மொத்தம் ஒன்பது குறிகள் உண்டு. படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என்று எண் தந்து கூட்டி எழுதுவர். 644 என்றால் உரிமையாளர் படிக்கவும் எழுதவும் செய்யலாம் (4+2), குழுவும் பிறரும் படிக்க மட்டும் செய்யலாம். 777 என்றால் எவரும் எதையும் செய்யலாம். சிக்கல் எழும்போதெல்லாம் 777 என்று அமைப்பது கதவைக் கழற்றி வைப்பதற்கு ஒப்பாகும்.

இம்முறையில் ஒரு கோப்பை அழிக்கும் உரிமை அக்கோப்பைச் சார்ந்ததன்று. அது இருக்கும் கோப்புறையில் எழுதும் அனுமதி உள்ளவரே அதை அழிக்க முடியும். மேலும், கோப்புறையில் இயக்குதல் என்ற குறி அதனுள் நுழையும் உரிமையைக் குறிக்கும்.

இவற்றின் உச்ச நிர்வாகி 'ரூட்' எனப்படும். சாதாரணக் கோப்பு அனுமதிகள் ரூட்டைத் தடுப்பதில்லை. 2004 இல் முதன்முதலாக வெளிவந்த உபுண்டு, ரூட் கணக்கில் நேரடியாக நுழைவதை முடக்கி, தேவைப்படும் கட்டளைக்கு மட்டும் 'சூடோ' மூலம் உரிமை தரும் வழக்கத்தை வீட்டுப் பயனர்களிடம் கொண்டுவந்தது. பயனரின் வீட்டுக் கோப்புறையைப் பிற பயனர்கள் படிக்க முடியாதபடி இயல்பாகவே மூடியது 2021 இல் வந்த 21.04 பதிப்பில்தான். மேக் இயங்குதளத்தில் 2015 முதல், முக்கிய அமைப்புக் கோப்புகளை ரூட்டும் மாற்ற முடியாத பாதுகாப்பு உள்ளது. ஆண்ட்ராய்டு கைபேசிகள் இதே யுனிக்ஸ் முறையைப் புதிய வகையில் பயன்படுத்துகின்றன. அங்கே ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பயனர் எண் தரப்படுவதால், ஒரு செயலியின் கோப்புகளை மற்றொன்று எளிதில் படிக்க முடியாது.

நிர்வாகி கணக்கை அன்றாடம் பயன்படுத்துவதன் ஆபத்து

தீநிரல் ஒன்று இயல்புக் கணக்கில் ஓடினால் அதன் கை அந்தக் கணக்கு எட்டும் தூரம் வரையே நீளும். நிர்வாகி உரிமை கிடைத்தால் அது எல்லாக் கணக்குகளின் கோப்புகளையும் அணுகலாம். தீநிரல் தடுப்பானை நிறுத்த முயலலாம். இயங்குதளத்தின் சேவையாகத் தன்னைப் பதிந்துகொண்டு ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் ஓடலாம். தட்டச்சு செய்யப்படும் கடவுச்சொற்களை எல்லாப் பயனர்களிடமிருந்தும் திரட்டலாம். இயல்புக் கணக்கு பாதிக்கப்பட்டால் அதை நீக்கிவிட்டு நிர்வாகி கணக்கிலிருந்து கணினியைச் சீர்செய்ய வழியிருக்கும். நிர்வாகி உரிமையே பறிபோனால் பெரும்பாலும் அனைத்தையும் அழித்து மறுபடி நிறுவுவதே நம்பத்தக்க வழியாகும்.

கோப்புகளைக் குறியாக்கி மீட்புத் தொகை கேட்கும் பணயத் தீநிரல்களில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். விண்டோஸ் தானே எடுத்து வைக்கும் நிழல் நகல்களை அழிக்க நிர்வாகி உரிமை தேவை. அது கிடைக்காவிட்டால், நிழல் நகல்கள் இயக்கப்பட்டிருந்த கணினியில் பழைய கோப்புகளை மீட்க ஒரு வாய்ப்பு எஞ்சும்.

அனுமதிகளின் எல்லைகள்

அனுமதிகள் காக்காத இடங்களையும் அறிந்திருப்பது இன்றியமையாதது.

முதலாவதாக, பயனரின் சொந்தக் கோப்புகளை அவருடைய பெயரில் ஓடும் தீநிரல் மாற்றுவதை அனுமதிகள் தடுப்பதில்லை. குடும்பப் படங்களையும் ஆய்வேட்டையும் குறியாக்க, பணயத் தீநிரலுக்கு நிர்வாகி உரிமை தேவையே இல்லை. பயனருக்கு உள்ள எழுதும் அனுமதி போதும். இதற்காகவே விண்டோஸ் 10 இல் 2017 முதல், குறிப்பிட்ட கோப்புறைகளில் நம்பகமான நிரல்கள் மட்டுமே எழுதலாம் என்று அமைக்கும் வசதி சேர்க்கப்பட்டது. எனினும் கணினியிலிருந்து கழற்றி வைக்கப்பட்ட காப்பு நகலே இறுதிக் காப்பு.

இரண்டாவதாக, அனுமதிகளை நடைமுறைப்படுத்துவது இயங்கிக்கொண்டிருக்கும் இயங்குதளம். வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினாலோ, யூஎஸ்பி வழியாக வேறோர் இயங்குதளத்தைத் தொடங்கினாலோ அந்தக் காவலர் அங்கே இல்லை. மேலே கூறிய உரிமை எடுத்துக்கொள்ளும் வழி, கணினியைத் திருடியவருக்கும் அதேபோலப் பயன்படும். இதற்குத் தீர்வு வன்தட்டைக் குறியாக்குதல். விண்டோசின் பிட்லாக்கர், சாதனக் குறியாக்கம் ஆகியவை இதற்கானவை. அவ்வாறு செய்தால் மீட்பு விசையைத் தனியே பாதுகாக்க வேண்டும். அதை இழந்தால் உரிமையாளராலும் திறக்க முடியாது.

மூன்றாவதாக, ஃபேட்32, எக்ஸ்ஃபேட் முறைமைகளில் வடிவமைக்கப்பட்ட பென்டிரைவுகளிலும் நினைவட்டைகளிலும் இத்தகைய அனுமதிகள் இல்லை. அனுமதியுள்ள கோப்பை அவற்றுக்கு நகலெடுத்தவுடன் அந்தக் காப்பு நீங்கிவிடும்.

நான்காவதாக, இயங்குதளத்திலேயே ஓட்டை இருந்தால் கணக்கின் வகை உதவாது. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வானாகிரை, விண்டோசின் கோப்புப் பகிர்வுச் சேவையில் இருந்த பிழை வழியாக, பயனர் எதையும் திறக்காமலேயே நுழைந்தது. அப்பிழைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சில் வெளியிட்டிருந்தது. காலத்தே புதுப்பித்தலும் பாதுகாப்பின் பகுதியே.

மற்றொரு கண்ணியும் உண்டு. விண்டோசின் சில பதிப்புகளில் தனிக் கோப்புகளைக் குறியாக்கும் வசதி இருக்கிறது. உள்ளகக் கணக்கின் கடவுச்சொல்லைப் பயனர் தானே மாற்றினால் சிக்கல் இல்லை. நிர்வாகி வேறொரு கணக்கிலிருந்து அதை வலிந்து மாற்றியமைத்தால், அவ்வாறு குறியாக்கப்பட்ட கோப்புகள் திறக்காமல் போகலாம். இங்கு உரிமையை எடுத்துக்கொள்வதும் பயன் தராது. அனுமதி என்பது வாயிற்காவல், குறியாக்கம் என்பது பொருளையே உருமாற்றி வைப்பது.

வீட்டுக் கணினிக்குப் பரிந்துரைக்கப்படும் ஒழுங்கு

பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே கணினியைப் பயன்படுத்தும் வீட்டிற்குப் பின்வரும் ஏற்பாடு பொருந்தும்.

1. வலிமையான கடவுச்சொல்லுடன் நிர்வாகி கணக்கு ஒன்றைத் தனியே வைத்து, மென்பொருள் நிறுவுதல் போன்ற வேலைகளுக்கு மட்டும் பயன்படுத்துதல்.
2. வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும், கணினியை வாங்கியவர் உட்பட, ஓர் இயல்புக் கணக்கு அமைத்தல். ஏற்கெனவே நிர்வாகியாக உள்ள அன்றாடக் கணக்கை மாற்றும் முன், புதிய நிர்வாகி கணக்கில் ஒருமுறை உள்நுழைந்து அது செயல்படுவதை உறுதிசெய்தல்.
3. நிர்வாகிக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, வீட்டு ஆவணங்களுடன் பாதுகாத்தல். அது ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அவர் இல்லாத நாளில் குடும்பம் தன் கோப்புகளை இழக்க நேரிடலாம்.
4. தனிப்பட்ட கோப்புகளைப் பயனர் கோப்புறையில் வைத்தல், அல்லது டி டிரைவில் வைத்தால் அனுமதிகளைத் தனியே அமைத்தல்.
5. எதிர்பாராத நேரத்தில் அனுமதி கேட்கும் பெட்டி தோன்றினால் இல்லை என்று பதிலளித்தல். தாமே தொடங்கிய செயலுக்கு மட்டும் அனுமதி தருதல்.
6. பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, முடிந்தவரை அன்றாடக் கணக்கின் கடவுச்சொல்லைத் தராமல் தற்காலிகக் கணக்கு ஒன்றை அமைத்துத் தருதல். அதற்கு நிர்வாகி உரிமை தேவைப்பட்டால் குறியாக்கப்படாத கோப்புகள் அதற்கும் எட்டும் என்பதை நினைவில் கொண்டு, திரும்பப் பெற்றதும் அக்கணக்கை நீக்குதல்.
7. முக்கியக் கோப்புகளின் காப்பு நகலை வெளி வன்தட்டில் எடுத்து, வேலை முடிந்ததும் அதைக் கணினியிலிருந்து கழற்றி வைத்தல்.

இவ்வொழுங்கின் முதல் சில நாள்களில் கடவுச்சொல் கேட்கும் பெட்டி அடிக்கடி வருவதுபோல் தோன்றும். தேவையான மென்பொருள்கள் நிறுவப்பட்டபின் அது அரிதாகிவிடும். அரிதாக வருவதால்தான் அந்தக் கேள்வி வரும்போது அதைப் படித்துப் பார்க்கும் கவனமும் பயனரிடம் இருக்கும்.